கதவா, போண்டாவா

இதைப் படிக்கப்போகும் அகிலாவும் அவளோடு வேலை பார்ப்பவர்களும் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் முத்திரை குத்தினேனே தவிர எழுதவில்லை. எந்த இடத்தில் 'ர'வா 'ற'வா என்று சந்தேகம் வந்ததோ அங்கே எழுத்தைக் கொஞ்சம் மங்கலாகப் போட்டிருக்கிறேன். சரியானதாக வைத்துப் படித்துக்கொள்ளவும்.

விழுப்புரத்தில் தயாளன் அண்ணனுக்கு ஒரு வீடியோ கம்பெனி. கல்யாண வீடியோ, உள்ளூர் கேபிளில் வரும் கடை விளம்பரம், கோயில் திருவிழாவுக்குச் சின்னச் சின்னக் கதைப் படம் எல்லாம் எடுப்போம். இப்போது அண்ணனுக்கு முழங்கால் வலி. அவருடைய சின்னப் பெண் அகிலாதான் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறது. திரைக்கதை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. நான் செய்த வேலையை அதுவே செய்துவிடுகிறது, டீயும் கேட்பதில்லை. நான் வேலையை விட்டுவிட்டு, திண்டிவனத்தில் என் மனைவியின் தையல் கடையில் பட்டன் தைக்கிறேன். பட்டன் பேசாது. எனக்கு அது சௌகரியம்.

போன மாதம் அகிலா போன் செய்தது. பழைய திரைக்கதைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம்.

"சித்தப்பா, ஒரு எடத்துல முத்திரையே இல்ல. மறந்துட்டீங்களா?"

"எந்த எடம்மா?"

"ஏரிக்கரையில அம்மன் பேசற எடம். ரெண்டுல ஒண்ணு சொன்னாத்தான் கம்ப்யூட்டர் மேல போவுது. கதவா போண்டாவா, சொல்லுங்க. அடிச்சிட்டுப் போறேன்."

"அது மறந்தது இல்லம்மா."

"அப்ப என்னா?"

எனக்குப் போனில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். தையல் மிஷினில் இருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே, "பேசினா அஞ்சு நிமிஷம். எழுதினா அஞ்சு மாசம்" என்றாள். அவ்வளவு ஆகவில்லை.

நான் முதலில் கம்பெனியில் லைட் ஸ்டாண்டு தூக்கச் சேர்ந்தேன். எனக்குப் பிறவியிலேயே கூச்சம். கல்யாண மண்டபத்தில் கேமரா எந்தப் பக்கம் திரும்பப்போகிறதோ அதற்கு முன்பே நான் நகர்ந்துவிடுவேன். ஒரு வருடம் எடுத்த கல்யாணங்கள் ஒன்றிலும் என் முழங்கைகூட விழவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் காதர் பாய். எங்கள் கேமராமேன், கோட்டக்குப்பத்துக்காரர்.

"தயாளா, ஃப்ரேம் எங்க முடியுதுன்னு இந்த ஏழுமலைக்கு என்னைவிட நல்லாத் தெரியுது. இவனைப் போயி ஸ்டாண்டு தூக்க வெச்சிக்கினு இருக்கியே" என்றார்.

அண்ணனுக்கு அப்போது ஒரு பெரிய தொல்லை இருந்தது. திரைக்கதையில் சில வசனங்களைப் பேசுகிறவர் வாய் திரையில் தெரியாது. அதில் இரண்டு வகை. ஒன்றில் ஆள் அந்த இடத்திலேயே இருப்பார், கேமராவில் மட்டும் விழமாட்டார். அடுக்களையிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிடுவது, தெருவிலிருந்து பால்காரர் குரல் கொடுப்பது, இதெல்லாம் அந்த வகை. அங்கே நிற்கிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் கேட்கும். இன்னொன்றில் ஆளே அங்கே இருக்கமாட்டார். நினைவில் கேட்கும் பழைய பேச்சு, கதை சொல்லுகிறவர் குரல், துபாயிலிருந்து போனில் பேசும் மாப்பிள்ளை. முதல் வகை என்றால் நடிக்கிறவரைப் படப்பிடிப்புக்கு வரச்சொல்ல வேண்டும். இரண்டாவது வகை என்றால் பிறகு ஆபீசில், சுவரெல்லாம் போர்வை கட்டிய அறையில் உட்காரவைத்துக் குரலை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். தாளில் இது தெரியாததால் வரவேண்டியவர் வராமல் போனார், வரவேண்டாதவர் வந்து மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இங்கிலீஷில் இதற்கு எழுத்துக் குறி உண்டாம். எனக்கு அந்த எழுத்தில் பாதிதான் தெரியும். அதனால் அண்ணன் இரண்டு ரப்பர் முத்திரை செய்யக் கொடுத்தார். ஆள் அங்கேயே இருந்தால் கதவு. இல்லாவிட்டால் மேகம். முத்திரை செய்தவர் தன் யோசனையில் கதவுக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டார். மேகம் போண்டா மாதிரி வந்தது. முதல் நாளே காதர் பாய் அதைப் போண்டா என்றார். அதற்குப் பிறகு அண்ணனைத் தவிர வேறு யாரும் அதை மேகம் என்று சொன்னதில்லை.

வேலை இப்படித்தான். டைப் அடித்த தாளில் இடது பக்கம் இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருக்கும். பேசுகிறவர் பெயருக்கு நேராக, ஊதா மையில், நேராகக் குத்த வேண்டும். சாய்ந்தால் அண்ணனுக்குப் பிடிக்காது. பேசிக்கொண்டே ஆள் உள்ளே வந்தால், வாய் தெரியும் இடம் வரை ஒரு கோடு இழுத்து நிறுத்த வேண்டும். எதைக் குத்துவது என்று தெரியாவிட்டால் அண்ணன் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அந்தக் குரல் வர்ற பக்கம் மனசால ஒரு கல்ல வுட்டு எறி. யாராச்சும் ஐயோன்னு கத்துனா கதவு. கத்தலன்னா மேகம்."

இதுதான் என் பயிற்சி முழுவதும். துபாய் மாப்பிள்ளை மேல் கல் எறிந்தால் போன் உடையும், அவர் கத்தமாட்டார், மேகம். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் கத்துவார், கதவு. பேய் பற்றிக் கேட்டேன். "பேய் மேல எறிஞ்சிட்டு நீ அங்க நிப்பியாடா?" என்று அண்ணன் கேட்டார். மேகம்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. கண்ணை மூடி நடந்துகொண்டே எல்லார் வசனத்தையும் அவரே பேசுவார். டீயைப் பாதி குடித்துவிட்டு மீதியை எங்காவது ஜன்னலில் வைப்பார். ஆபீசில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அரை டீ இருக்கும். நல்ல மனநிலையில் என்னை 'டா' போடுவார். கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும், என்னை 'சார்' என்பார்.

முதல் 'சார்' ஒரு மல்லாட்டை எண்ணெய் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்) விளம்பரத்தில் வந்தது. மருமகள் கூடத்தில் நிற்பாள். உள்ளேயிருந்து மாமியார் குரல் மட்டும் வரும். நான் போண்டா குத்தியிருந்தேன். படப்பிடிப்பு வீட்டில் எல்லாம் தயார், மாமியாராக நடிப்பவர் வரவில்லை. யாரும் வரச்சொல்லவில்லை.

"சார், மாமியார் எங்க சார்?" என்றார் அண்ணன்.

"செத்துட்டாங்கண்ணா."

"யாரு சார் சொன்னது?"

"செவுத்துல மாமியார் படம் மாட்டியிருக்குதுன்னு எழுதியிருந்தீங்களேண்ணா."

"எங்க வூட்டு செவுத்துல என் படம்கூடத்தான் சார் இருக்குது" என்றார். பிறகு அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார்.

அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "யாருடி அது, எண்ணெய மாத்துனது?" என்று நானே கத்தினேன். நாலு பேர் முன்னால் பேர் சொல்லக் கூசுகிற எனக்கு, கதவைச் சாத்தியதும் குரல் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த விளம்பரம் கேபிளில் ரொம்ப நாள் ஓடியது. என் மனைவி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "எங்க அம்மா மாதிரியே பேசியிருக்கீங்க. எத்தினி வருஷமா மனசுல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

இனி அகிலா கேட்ட இடம்.

விக்கிரவாண்டியிலிருந்து உள்ளே போனால் ஒரு ஊர். பேர் வேண்டாம், காரணம் கடைசியில் தெரியும். அந்த ஊர் அம்மன் கதையைப் படமாக எடுத்து ஆடித் திருவிழாவில் திரை கட்டிக் காட்ட வேண்டும் என்று அண்ணனிடம் வந்தார்கள். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் கல்யாணத்தையே எடுத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு, பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும் கதை என்று கிடைத்தது அது ஒன்றுதான். இரண்டு முகூர்த்தத்துக்கு நடுவில் கிடைத்த நாளெல்லாம் நடந்து நடந்து எழுதினார்.

கதை இதுதான். முன்காலத்தில் பெருமழை. ஏரி நிறைந்துவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர் கரையை வெட்டிவிட மண்வெட்டியோடு போகிறார்கள். அம்மன் குரல் மட்டும் கேட்கிறது. "மண்வெட்டியக் கீழ போடுடா. நான் இங்கதான் இருக்கேன்." மண்வெட்டி கீழே விழுகிறது. கரை நிற்கிறது, ஊர் பிழைக்கிறது.

கதையில் வரும் அண்ணனின் வழி வந்தவர்கள் பெரிய வகையறா. தம்பியின் வழி வந்தவர்கள் சின்ன வகையறா. அம்மன் சொன்னது தங்கள் பாட்டனுக்கு மட்டும்தான் கேட்டது, மண்வெட்டியைப் போட்டவர் அவர்தான் என்பது பெரிய வகையறாவின் பேச்சு. அதனால் ஆடியில் முதல் சொம்பு கூழ் அவர்களுக்கு. இரண்டு பேருக்கும் கேட்டது, இரண்டு பேரும் போட்டார்கள், அதனால் கூழ் சேர்த்து ஊற்ற வேண்டும் என்பது சின்ன வகையறாவின் பேச்சு.

இந்தச் சண்டை எங்களுக்குத் தெரியாது. இரண்டு வகையறாவுக்கும் படித்துப் பார்க்க ஆளுக்கு ஒரு திரைக்கதை கொடுத்தோம். அம்மன் வசனத்துக்குப் பக்கத்தில் நான் கதவு குத்தியிருந்தேன். சின்ன வகையறாவின் தணிகாசலம் அது என்ன படம் என்று காதர் பாயைக் கேட்டிருக்கிறார். அங்க இருக்கிற எல்லாருக்கும் கேக்கும்னு அர்த்தம் என்று பாயும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். தணிகாசலம் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். "பாத்துக்குங்க, ரெண்டு பேருக்கும் கேட்டுச்சின்னு கம்பெனிக்காரனே சீல் வெச்சிட்டான்."

பெரிய வகையறாவின் ஏகாம்பரம் உடனே ஆள் அனுப்பினார். கதவை எடுக்காவிட்டால் படம் கிடையாது. கதவை எடுத்தால் படம் கிடையாது என்று தணிகாசலம் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாயத்து. அதில் முடியாவிட்டால் எல்லாம் நின்றது.

"சார்," என்றார் அண்ணன். குரல் தரைக்கு வந்திருந்தது. "நான் மேகம்னு நெனச்சிக்கினுதான் சார் எழுதுனேன். எதுக்கு சார் கதவு போட்டீங்க?"

"அம்மா 'இங்கதான் இருக்கேன்'னு சொல்றாங்கண்ணா. இல்லன்னு நான் எப்பிடிண்ணா போண்டா போடறது?"

அண்ணன் ஜன்னலில் இருந்த பழைய டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "அதுவும் சரிதான்டா" என்றார். 'டா' திரும்பி வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் இத்தனை நாள் அவர் நடந்து எழுதியது, நான் குத்திய ஒரு விரல் அகல மையால் நின்றுபோகப் போகிறது. அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பஞ்சாயத்து ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். நடுவில் ஒரு பெரிய தாம்பாளத்தில் வேகவைத்த மல்லாட்டை. இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டே அதை உரித்துத் தின்றார்கள்.

"சீல் குத்தினவரு யாரு? அவரே வந்து வெளக்கம் சொல்லட்டும்" என்றார் ஏகாம்பரம்.

நான் எழுந்து நின்றேன். நாற்பது தலை திரும்பியது. நான் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

காதர் பாய்தான் காப்பாற்றினார். "பெரியவரே, இவரு வெளிய நின்னா பேச மாட்டாரு. உள்ள வுட்டுக் கதவச் சாத்துனா நல்லாப் பேசுவாரு."

இதென்னடா பேஜாரு என்று யாரோ சொன்னார்கள். ஆனாலும் மூன்றாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டார்கள். நான் உள்ளே போய் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டேன். கதவைச் சாத்தினார்கள். குரல் வந்துவிட்டது. கதவு என்றால் என்ன, போண்டா என்றால் என்ன என்று எல்லாம் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஜோரில் கல் எறிகிற சோதனையையும் சொல்லிவிட்டேன்.

வெளியே மல்லாட்டை உரிக்கிற சத்தம் நின்றது.

"அம்மா மேல கல்லெறியச் சொல்றானா?"

"இல்லீங்க. மனசாலங்க."

"மனசால மட்டும் எறியலாமாடா?"

நாற்காலி ஒன்று சாய்கிற சத்தம் கேட்டது. அப்போது தணிகாசலம், "இருங்கப்பா. இவரு சொல்றது நெசமான்னு மொதல்ல இவரு மேலயே பாப்போம்" என்றார். ஜன்னல் வழியாக ஒரு மல்லாட்டை வந்து என் காதில் பட்டது. பெரிதாக வலிக்கவில்லை. பயத்தில் "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

"இதாங்க கதவு" என்றார் அண்ணன்.

பிறகு வராந்தா முழுக்கச் சிரிப்பு. இரண்டு வகையறாவும் சேர்ந்து சிரித்தது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் என்று பின்னால் சொன்னார்கள். சரிபார்ப்பதற்காக இன்னும் இரண்டு மல்லாட்டை வந்தது. அதற்கும் கத்தினேன்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு அம்மா கேட்டார். "அந்த இன்னொரு படத்தக் காட்டுங்க. ஏம்ப்பா, இது போண்டா இல்ல?"

"மேகம்மா" என்றார் அண்ணன்.

"மேகத்த யாரு எண்ணெயில போட்டு மொறுமொறுன்னு எடுத்தது? எங்க மாரியம்மா பேச்சுக்குப் பக்கத்துல போண்டா வெப்பீங்களா?"

ஏகாம்பரத்துக்கே அது சங்கடமாகிவிட்டது. தொண்டையைக் கனைத்தார். "எங்களுக்கும் போண்டா வேணாம். அம்மா அங்கதான் இருந்தா, அதுல யாருக்கும் சண்ட இல்ல. ஆனா கேட்டது எங்க பாட்டன் ஒருத்தருக்குத்தான். அதுக்கு என்னா சீலு?"

நான் உள்ளே உட்கார்ந்து யோசித்தேன். ஆள் அங்கே இருக்க வேண்டும், பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கவும் வேண்டும், கேட்கவும் கூடாது. அண்ணன் சொல்லிக்கொடுத்த எந்தக் கல்லும் அதற்குப் போய்ச் சேரவில்லை.

"அதுக்கு எங்ககிட்ட சீல் இல்லீங்க" என்றேன். "அந்த எடத்த வெறுமனே வுட்டுடறேங்க."

"சீல வுட்டுடுவ. படத்துல என்னா காட்டுவ?" இது தணிகாசலம்.

கதவு சாத்தியிருந்த தைரியத்தில் சொன்னேன். "ரெண்டு பேரையும் முதுகுப் பக்கமா வெச்சி எடுக்கலாங்க. ஃப்ரேம இடுப்போட வெட்டிட்டா கை தெரியாது. மண்வெட்டி கீழ வுழற சத்தம் மட்டும் கேக்குங்க."

"எங்க பாட்டன்தான் போட்டாருன்னு தெரியுமா?" என்றார் ஏகாம்பரம்.

"தெரியுங்க."

"ரெண்டு பேரும் போட்டாங்கன்னு?" என்றார் தணிகாசலம்.

"அதுவும் தெரியுங்க."

"ரெண்டும் எப்பிடிய்யா தெரியும்?"

"எதுவுமே தெரியாதுங்க. அதனால."

பிறகு மல்லாட்டை உடைகிற சத்தம் கேட்டது. அது ஏகாம்பரம் பக்கமிருந்து வந்ததா தணிகாசலம் பக்கமிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. "சரி, எடுங்க" என்று மட்டும் கேட்டது.

ஏரிக்கரையில் எடுத்தோம். அம்மன் குரல் கொடுக்கிற சரோஜா அக்கா, தாளில் முத்திரை இல்லாததைப் பார்த்துக் குழம்பிப் போனார். "நான் வரட்டுமா, ஆபீசுலயே பேசட்டுமா?" என்றார். "வந்து வேன்ல உக்காருக்கா. கதவப் பாதி தொறந்து வெச்சிக்க" என்றார் அண்ணன். நடிகர்கள் கையில் மண்வெட்டி கொடுக்கவில்லை. கொடுத்தால் யார் போட்டது என்று ஊரில் போய்ச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் காலடியில், ஃப்ரேமுக்குக் கீழே, ஒரே ஒரு மண்வெட்டியோடு நான் குனிந்திருந்தேன். இடுப்புக் கோடு எங்கே போகிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரோஜா அக்கா பேசினார். நான் போட்டேன். கீழே பாறை. மண்வெட்டி ஒரு முறை டங்கென்று விழுந்து, எகிறி, கட்டை விரலை உரசிக்கொண்டு போய் இன்னொரு முறை டங்கென்றது. வலியில் உயிர் போனது. துண்டைக் கடித்துக்கொண்டேன். கத்தியிருந்தால் எனக்கே ஒரு கதவு குத்த வேண்டியிருக்கும்.

"இன்னொரு தடவ எடுக்கலாமா?" என்றார் காதர் பாய்.

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "வேணாம் பாய். இதான்" என்றார்.

ஆடியில் ஊரே உட்கார்ந்து பார்த்தது. மண்வெட்டி விழுந்ததும் ஏகாம்பரம், "பாத்தியா, ஒண்ணுதான். ரெண்டாவது அது எகிறுன சத்தம்" என்றார். தணிகாசலம், "நல்லாக் கேளு, ரெண்டு ஆளு, ரெண்டு மண்வெட்டி" என்றார். திரும்பப் போடச் சொன்னார்கள். போட்டோம். மறுபடியும் ஒன்று, மறுபடியும் இரண்டு. நன்றாகக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அன்று முதல் ஒவ்வொரு ஆடிக்கும் அதே படம், அதே பெஞ்சு. அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் கேப்பைக் கூழ் ஆறிவிடுகிறது. அதனால் ஊற்றுகிற அம்மாக்கள் வரிசையில் முதலில் யார் நிற்கிறார்களோ அவர்கள் சொம்பில் ஊற்றிவிடுகிறார்கள். ஒரு வருடம் முதல் சொம்பு காதர் பாய்க்குப் போனது. அந்த வருடம் நல்ல மழை.

என்னையும் விடவில்லை. "நீதான அங்க இருந்த, சொல்லு, ஒண்ணா ரெண்டா?" என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். "நான் குனிஞ்சிக்கினு இருந்தங்க" என்பேன். உண்மையை என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். இப்போது இதில் எழுதிவிட்டேன். ஊர் பேர் ஏன் போடவில்லை என்று இப்போது புரியும்.

ஆகவே அகிலா, அந்த இடத்தில் நான் முத்திரையை மறக்கவில்லை. அப்படியே வெறுமனே விட்டுவிடு. கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாமல் கதவா போண்டாவா என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அதன் மேல் ஒரு மல்லாட்டையை எறிந்து பார். ஐயோ என்று கத்தினால் எனக்குப் போன் செய். கத்தவில்லை என்றால் அது அங்கே இல்லாத ஆள், அதன் பேச்சை நாம் கேட்க வேண்டியதில்லை.

தேதிக்கு மட்டும் அண்ணன் எனக்கு முத்திரை செய்து தரவில்லை. கையாலேயே எழுதுகிறேன்.

திண்டிவனம்,
ஆவணி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.